நகருக்குள் ஒரு சின்னக் குளம்: தூண்டில், பறவை, நடை

கேள்வி: லாஸ்பேட்டை வாசகர், 6 அக்டோபர் 2024

எட்டு வயது மகளோடு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தூண்டில் போடவும், பறவை பார்க்கவும், சிறிது நடக்கவும் ஓர் இடம் தேடுகிறேன். கேட்டவர்கள் எல்லாரும் ஊசுட்டேரியைத்தான் சொல்கிறார்கள். புதுச்சேரி நகருக்குள் இருக்கும் சின்னக் குளங்களில் சாக்கடையும் பாம்பும் தவிர வேறொன்றும் இல்லை என்பது என் மைத்துனரின் தீர்ப்பு. அவர் சொல்வது சரிதானா?

6 அக்டோபர், இரவு

சாக்கடையும் உண்டு, பாம்பும் உண்டு. ஆனால் ஊசுட்டேரிக்குப் போனால் நீங்கள் கேட்கும் மூன்றில் ஒன்று தொடக்கத்திலேயே கழிந்துவிடும். ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரந்து, பாதி புதுச்சேரியிலும் பாதி தமிழ்நாட்டிலுமாகக் கிடக்கும் அந்த ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் குழந்தையையும் தூண்டிலையும் கூட்டிக்கொண்டு போய் நிற்பது தேவையில்லாத வம்பு. பறவைகள் அங்கே ஏராளம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏரி நிரம்பியிருக்கும்போது அவை கரையிலிருந்து வெகு தொலைவில் கூட்டமாக மிதக்கும். நல்ல பைனாகுலர் இல்லாதவருக்கு எல்லாமே கரும்புள்ளிகள். எட்டு வயதுப் பெண் கரும்புள்ளிகளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது உங்களுக்கே தெரியும்.

சின்னக் குளத்தில் மடையான் கொக்கு பத்தடி தூரத்தில் நிற்கும். ஆள் வந்தாலும் இரண்டடி நகர்ந்து மீண்டும் நிற்கும், ஏனென்றால் அது நகரத்து மனிதர்களுக்குப் பழகிய பறவை. நான் போவது முதலியார்பேட்டைப் பக்கத்தில் வீடுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட ஒரு குளம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பெரிய நீர்ப்பரப்புதான் வேண்டும், ஆனால் நகரை விட்டு வெளியே போக மனமில்லை என்றால் வேல்ராம்பட்டு ஏரியும் கனகன் ஏரியும் இருக்கின்றன.

7 அக்டோபர்

மூலக்குளம் பகுதியில் வசிக்கும் நண்பர், குளம் பொதுச்சொத்து, தூண்டில் போட யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். குளம் பொதுவாக இருக்கலாம். அதில் விட்ட மீன்குஞ்சுக்குப் பணம் கொடுத்தவர் ஒருவர் இருப்பார். குத்தகைக்குப் போன குளத்தை அடையாளம் காண்பது எளிது. கரையில் ஒரு குடிசையோ தார்ப்பாய்க் கொட்டகையோ இருக்கும், தவிட்டு மூட்டை கிடக்கும், பறவை இறங்காமல் இருக்கக் குளத்தின் குறுக்கே நைலான் நரம்பு கட்டியிருப்பார்கள். எதுவும் இல்லாவிட்டாலும் பக்கத்து டீக்கடையில் கேட்டுவிடுங்கள்.

என் அனுபவத்தில் குத்தகைக்காரர்கள் குழந்தையின் மூங்கில் தூண்டிலைத் தடுப்பதில்லை. அவர் வளர்ப்பது கட்லா, ரோகு, மிர்கால். குழந்தையின் மண்புழுவுக்குப் படுவது பெரும்பாலும் ஜிலேபி. அது அவர் போடும் தீனியைத் தின்றுவிட்டு அவருடைய கெண்டைகளை மெலிய வைக்கும் மீன். அதைப் பிடித்துக் கொடுப்பவரை அவர் ஏன் விரட்டப் போகிறார்? ரீல் வைத்த நீளத் தூண்டிலோடு நான்கு இளைஞர்கள் வந்து இறங்கினால் கதை வேறு.

9 அக்டோபர்

அரியாங்குப்பத்து நண்பர் எழுதியது: விடியலுக்கு முன் தூண்டில் போட்டால்தான் மீன் படும், ஏழு மணிக்குப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். முகத்துவாரத்தில் நின்று பழகியவர் அவர். அங்கே அது சரியாக இருக்கலாம், அங்கே அலையும் ஓதமும் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். நகரக் குளத்துக்கு அந்த விதியை அப்படியே கொண்டுவர முடியாது.

நகரக் குளத்தின் நீர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத பாசி. கழிவுநீரில் வரும் சத்தைத் தின்று அது பெருகுகிறது. பகலில் அந்தப் பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும்போது நீரில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. இரவில் வெயில் இல்லை. பாசியும் மீனும் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்களும் எல்லாம் சேர்ந்து அதே ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. ஆகவே நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரம் சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான். அப்போது கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் மீன் நிறைய இருக்கிறது, பசியாக இருக்கிறது என்று நினைப்பார். மூச்சுக்குத் தவிக்கும் மீன் மண்புழுவைத் திரும்பியும் பார்க்காது.

பறவைக்கு ஏற்ற நேரம் இதற்கு நேர் எதிர். வக்கா எனும் இராக்கொக்கு இரவு வேட்டையை முடித்துக்கொண்டு மரத்துக்குத் திரும்புவதும், தாழைக்கோழி சம்புப் புதரை விட்டு வெளியே வந்து மேய்வதும், மீன்கொத்தி முதல் பாய்ச்சல் பாய்வதும் விடியலை ஒட்டித்தான். எனவே நான் சொல்லும் வரிசை இது: ஆறு மணிக்குக் கரையைச் சுற்றி நடந்து பறவை பாருங்கள், ஏழரைக்கு டீயும் பாலும் குடியுங்கள், வெயில் நீரில் விழத் தொடங்கிய பிறகு எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை தூண்டில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் எட்டு வயதுப் பெண்ணை ஐந்து மணிக்கு எழுப்பிப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

10 அக்டோபர்

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். விராலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அது மேலே வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் மீன். நீரில் ஆக்சிஜன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. தேளியும் பனையேறிக் கெண்டையும் அந்த வகைதான். விடியலில் ஒருவருக்கு விரால் பட்டது என்றால் அது நான் சொன்னதைப் பொய்யாக்கவில்லை. அரியாங்குப்பத்து நண்பர் இதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தால் சரி.

13 அக்டோபர்

பாம்பு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். குளத்தில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நீந்துவது பெரும்பாலும் நீர்க்கோலி. நஞ்சில்லாதது, தவளையும் மீனும் தின்பது, ஆனால் பிடித்தால் தயங்காமல் கடித்துவிடும், இரத்தமும் வரும். நீர்க்கோலி கடித்தவருக்கு அன்றிரவு சோறு கிடையாது என்று என் பாட்டி சொல்வார். சிறுவயதில் எனக்குப் பாம்பைவிட அந்தத் தண்டனைதான் அச்சம் தந்தது.

உண்மையில் அஞ்ச வேண்டியது தண்ணீரில் இருப்பதற்கல்ல. கரையில் காய்ந்த புல்லும் குப்பையும் கிடக்கும் இடத்தில் எலிக்காக வரும் கண்ணாடி விரியன் மிதிபடும்வரை நகராமல் கிடக்கும். மண்வழி தெளிவாகத் தெரியும் இடத்தில் மட்டும் நடக்கவும், செருப்புக்குப் பதில் மூடிய ஷூ அணியவும், இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் கரையில் கால் வைக்காமல் இருக்கவும் பழகிக்கொண்டால் போதும். எந்தப் பாம்பு கடித்தது என்று ஆராயாமல் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கயிறு கட்டுவதும் கீறி விடுவதும் கெடுதல்.

குழந்தைக்கு நேரக்கூடிய வலி பாம்பைவிட மீனால்தான் வரும். தேளியின் பக்கவாட்டு முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் கை தோள்வரை கடுக்கும். பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் கையை மூழ்க வைத்தால் வலி நன்றாகத் தணியும், ஏனென்றால் அந்த நஞ்சு சூட்டில் சிதையக்கூடியது. டீக்கடை அருகில் இருப்பதன் பயன் டீ மட்டுமன்று. கறுத்து, வழவழப்பாக, மீசையோடு எது வந்தாலும் மகள் தொடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

17 அக்டோபர்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. இன்று காலை குளத்தின் வடக்கு மூலையில் கட்லாக்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று கரையில் பேச்சு. அப்படி நடப்பதும் உண்டு, ஆனால் முதல் பெருமழைக்கு அடுத்த நாள் மீன் சாவதற்கு மருந்து தேவையில்லை. கோடை முழுவதும் வாய்க்கால்களில் தேங்கிய கறுப்புச் சேற்றை மழை ஒரே இரவில் குளத்துக்குள் தள்ளுகிறது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. வானமும் மூடியிருந்தால் பாசியால் ஈடுகட்ட முடிவதில்லை.

செத்த மீனை வாளியில் பொறுக்கிக்கொண்டு போனவர்களையும் பார்த்தேன். அது எந்தச் சட்டிக்குப் போனது என்று தெரியவில்லை. இந்த வாரம் தெருவில் கூவி விற்கும் கட்லாவின் செவுளைத் திறந்து பாருங்கள்.

20 அக்டோபர்

லாஸ்பேட்டை வாசகர், சிக்கும் மீனைச் சாப்பிடலாமா என்று கேட்கிறார். நான் சாப்பிடுவதில்லை. வீட்டுக் கழிவுநீர் கலக்கும் குளத்தின் மீனை என் வீட்டில் ஏற்ற மாட்டார்கள். எனக்கும் மனம் வராது. மீன் வேண்டுமென்றால் தேங்காய்த்திட்டுத் துறைமுகம் இருக்கிறது, பெரிய மார்க்கெட் இருக்கிறது.

சாப்பிடாவிட்டாலும் படுகிற மீனைக் குறித்துக்கொள்ளுங்கள். குளத்து நீரைப் பற்றி அது சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்லாது. கெண்டைகள் வகைவகையாகப் பட்டால், அயிரையும் ஆரலும் வந்தால், நீர் நன்றாக இருக்கிறது. ஜிலேபி மட்டுமே தொடர்ந்து பட்டால் குளம் நடுவில் நிற்கிறது. தேளி, பனையேறி, விரால் தவிர வேறெதுவும் இல்லை என்ற நிலை வந்தால், நீரில் இருக்கும் ஆக்சிஜனை நம்பி வாழக்கூடிய மீன்கள் எல்லாம் போய்விட்டன, காற்றைக் குடிப்பவை மட்டும் மிச்சம் என்று பொருள். எங்கள் குளம் நான் வரத் தொடங்கிய காலத்தில் முதல் நிலையில் இருந்தது. இப்போது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு மாணவி பள்ளி நோட்டில் தேதி போட்டு மீனின் பெயரை எழுதி வைத்தால் இரண்டு ஆண்டுகளில் அந்த நோட்டு பயனுள்ள ஆவணமாகிவிடும்.

ஜிலேபி பற்றிச் சிறு குறிப்பு. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். தூண்டிலில் பட்ட தாயை மேலே தூக்கும்போது அதன் வாயிலிருந்து குஞ்சுகள் சிதறி விழுவதைப் பார்க்க நேர்ந்தால் உங்கள் மகள் கேட்கப் போகும் கேள்விகளுக்கு இப்போதே தயாராகிவிடுங்கள்.

22 அக்டோபர்

எதிர்பார்த்த சண்டை வந்துவிட்டது. ஜிலேபியைத் திரும்ப நீரில் விடுவேன் என்று எழுதவே இல்லை, ஆனால் விடுவேன் என்று ஊகித்து மூலக்குளத்து நண்பர் கண்டித்திருக்கிறார். ஊகம் சரிதான். அயல்மீனைத் திரும்ப விடுவது நாட்டு மீனுக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் வாதம். குளம் முழுவதும் ஜிலேபியாக இருக்கும்போது என் கையிலிருக்கும் ஒன்றைக் கொன்று எதைச் சாதிப்பது என்பது என் வாதம்.

இரண்டு மீன்களை மட்டும் நானும் திரும்ப விடுவதில்லை. ஒன்று ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கத் தடை இருந்தும் குளங்களில் திரிகிறது, மற்ற மீன்களை விழுங்குகிறது, ஓர் ஆள் முழங்கை நீளத்துக்கும் மேலே வளர்கிறது. மற்றொன்று டேங்க் கிளீனர். வண்ணமீன் கடையில் விரல் நீளத்தில் வாங்கி, தொட்டி போதாமல் போனதும் புண்ணியமாக நினைத்துக் குளத்தில் கொண்டுவந்து விடுகிறார்கள். தென் அமெரிக்க மீனான அதன் உடம்பு முழுவதும் முரட்டுத் தகடு. வலையைக் கிழிக்கும், கரையில் வளை தோண்டும். எங்கள் குத்தகைக்காரர் அது வலையில் வந்தால் கரையில் வீசிவிடுவார். காக்கை கூட அலகால் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். செங்காது ஆமைகளின் கதையும் இதுதான். வளர்க்க முடியாதவற்றைக் குளத்தில் விடுவதை நிறுத்துங்கள் என்று எல்லா வண்ணமீன் கடைகளிலும் பலகை வைக்க வேண்டும்.

குளத்தின் பெயரை எழுதாததற்குக் காரணம் கேட்டவருக்கும் இங்கேயே பதில்: விரால். விரால் இருக்கிறது என்று ஒரு காணொளி வந்த குளத்தில் அடுத்த வாரமே இரவில் பேட்டரி மின்சாரம் வைத்து மீன் பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது குஞ்சு, தவளை, பாம்பு எதையும் விட்டுவைப்பதில்லை.

27 அக்டோபர்

லாஸ்பேட்டை வாசகரின் மகள் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான பொடிமீனைப் பார்த்து விரால் குஞ்சா என்று கேட்டாளாம். விரால் குஞ்சு கரையோரம் பரவிக் கிடக்காது. செந்நிறக் கூட்டமாக ஒரே இடத்தில் பந்துபோலத் திரண்டு நீந்தும், அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு அருகே தூண்டில் போட்டால் பெரியது உடனே பாயும். பசிக்காகப் பாய்வதில்லை, குஞ்சைக் காக்கப் பாய்கிறது. அதைப் பிடித்துவிட்டால் மீதியைக் கெண்டையும் ஜிலேபியும் ஒரே காலையில் முடித்துவிடும்.

அவள் பார்த்தது கம்பூசியா எனும் கொசுமீனாக இருக்கும். அது 1928-இல் இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவைத் தின்னும், முட்டையிடாமல் குஞ்சே ஈனும். புதுச்சேரிக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு யானைக்கால் நோயால் வந்தது. நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975-இல் இங்கே அமைக்கப்பட்டது. 1981-லிருந்து ஐந்தாண்டுகள் நகரத்தின் வாய்க்கால், கிணறு, குட்டை எல்லாவற்றிலும் கொசு வளராமல் தடுக்கும் பெரிய திட்டத்தை அது நடத்தியது. சாக்கடை கலந்த நீரில் கம்பூசியாவைவிட கப்பி மீன் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். கப்பியின் ஆணுக்கு வாலில் வண்ணம் இருக்கும், கம்பூசியா வெறும் சாம்பல். கண்ணாடிக் குவளையில் இரண்டை மொண்டு வெயிலில் பார்த்துவிட்டுத் திரும்ப ஊற்றுங்கள். தவளையின் தலைப்பிரட்டையையும் இவை கடித்துத் தின்னும் என்பதால் இவற்றை வேறு குட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

3 நவம்பர்

தீபாவளிக்குப் பிறகு குளத்தில் பட்டாசுக் காகிதம் மிதக்கிறது. அது மட்கிவிடும். மட்காதது நரம்பு.

இன்று நாணல் ஓரத்தில் ஒரு மடையான் ஒரு காலைத் தூக்கியே நின்றது. பக்கத்தில் போனால் பறக்க முயன்று விழுந்தது. யாரோ அறுத்துவிட்டுப் போன நைலான் நரம்பு காலைச் சுற்றி, நுனி புதரில் சிக்கியிருந்தது. துண்டை அதன் தலைமேல் போட்டு மூடி, டீக்கடைக்காரரின் கத்தரியால் நரம்பை வெட்டி எடுத்தோம். கண்ணைக் குறிவைத்துக் கொத்தும் பறவை என்பதால்தான் முதலில் துண்டு. பறந்து போய் எதிர்க்கரையில் இறங்கிக் காலை ஊன்றாமலே நின்றது. பிழைக்குமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. தூண்டில் சிக்கினால் இழுத்து அறுக்காதீர்கள். முடிந்தவரை இறங்கி எடுத்துவிடுங்கள், அறுந்த துண்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் நறுக்கிக் குப்பையில் போடுங்கள்.

11 நவம்பர்

நடப்பவர்கள் பக்கம் வருவோம். இந்த இழையில் எழுதும் பாதிப்பேர் நடைக்காக மட்டும் குளத்துக்கு வருகிறவர்கள் என்று புரிகிறது. அவர்களுக்கு வேண்டியது சிமென்ட் கல் பதித்த பாதை, கைப்பிடி, விளக்கு, நீரோரத்தில் செங்குத்துச் சுவர். நகரில் ஒரு குளத்தை அப்படியே செய்து முடித்தார்கள். நடக்க அருமையாக இருக்கிறது. என் அம்மா அங்கே தடுமாறாமல் நடக்கிறார், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் செங்குத்துச் சுவர் எழுந்ததும் சேற்றோரம் போய்விட்டது. உள்ளான் இரை தேடுவது அந்தச் சேற்றில், ஆள்காட்டி நடமாடுவது அதன் மேல், தவளை ஏறி வருவது அதன் வழியாக, ஆமை வெயில் காய்வது அதன் ஓரத்தில். நீர்க்காகமும் வாத்தும் மிச்சம் இருக்கின்றன. கால் நனைத்து நடக்கும் பறவைகள் வருவதில்லை.

முழுக் கரையையும் மண்ணாகவே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதியவர் நடக்கும் பக்கம் ஒன்றைக் கட்டிவிட்டு, வரத்து வாய்க்கால் வந்து சேரும் பக்கத்தைச் சரிவாக, சம்பும் கோரையும் வளர விட்டுவிடலாம். சம்பு நீரில் வரும் அழுக்கையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். நெய்வேலிக் காட்டாமணக்கை மட்டும் வேரோடு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பத்தாண்டுகளில் குளமே காட்டாமணக்குத் தோப்பாகிவிடும்.

மீனுக்குப் பொரியும் பிரெட்டும் போடுகிறவர்களுக்கு: தின்னாத மிச்சம் அடியில் அழுகி, மேலே சொன்ன ஆக்சிஜன் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது. ஒரு பிடி போதும்; மூட்டை வேண்டாம்.

4 டிசம்பர்

மின்சாரம் இன்றுதான் வந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை புதுச்சேரியில் கொட்டியது. எங்கள் தெருவில் முழங்கால் நீரில் ஜிலேபிகள் நீந்தின. பக்கத்து வீட்டுப் பையன் கொசுவலையால் பிடித்துக்கொண்டிருந்தான். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது காற்றுதான் மரங்களை அழித்தது; இம்முறை நீர். சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களையும் பாகூர்ப் பகுதியையும் மூழ்கடித்திருக்கும்போது குளத்து மீனைப் பற்றி எழுதுவது முறையா என்று தோன்றுகிறது. ஆகவே இன்று இத்தோடு.

15 டிசம்பர்

குத்தகைக்காரரின் கெண்டைகள் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) வழியாக வெளியே போய்விட்டன. அவருக்கு ஓர் ஆண்டு முதலீடு போனது. குளத்துக்கோ நீர் மாறிவிட்டது. பச்சை போய்ச் செம்மண் நிறமாக, வாடையில்லாமல் இருக்கிறது. ஆகாயத்தாமரை முழுவதும் தெற்குக் கரையில் ஒதுங்கியிருக்கிறது. தூண்டிலில் நெடுநாளுக்குப் பிறகு சிறு கெண்டையும் ஆரலும் பட்டன. மேல்மடை ஏரியிலிருந்து வெள்ளத்தோடு வந்திருக்க வேண்டும். தங்குமா என்பது கோடையில் வரும் சாக்கடையின் அளவைப் பொறுத்தது.

22 டிசம்பர்

இரண்டு பேர் ஒரே பறவையைப் பற்றிச் சண்டையிடுகிறார்கள். இரண்டும் கறுப்பு, இரண்டும் கோழி அளவு. நெற்றியும் அலகும் வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி. நெற்றி சிவந்து அலகு நுனி மஞ்சளாக, விலாவில் வெள்ளைக் கோடு இருந்தால் தாழைக்கோழி. நாமக்கோழி நடுநீரில் கூட்டமாக மிதக்கும், தாழைக்கோழி புதரோரம் வாலை ஆட்டிக்கொண்டு தனியாக நடக்கும். பெரிதாக, நீலமாக, சிவந்த காலோடு சம்புத்தண்டைக் கையில் பிடித்ததுபோல் தின்பது நீலத் தாழைக்கோழி. அதில் குழப்பத்துக்கு இடமில்லை.

ஒதுங்கிய ஆகாயத்தாமரைமேல் இலைக்கோழி வந்திருக்கிறது. நீண்ட விரல்களால் எடையைப் பரப்பிக்கொண்டு இலைமேல் நடக்கும் பறவை. பெண் உருவத்தில் பெரியது, ஒரே பருவத்தில் பல ஆண்களோடு இணையும். முட்டையை அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். இதை டீக்கடையில் சொன்னபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர் நீண்ட நேரம் பேசவில்லை.

முக்குளிப்பான் சேட்டை தனி. மிதக்கும் களைகளைச் சேர்த்துக் கூடு கட்டும். எழுந்து போகும்போது முட்டைமேல் களையை இழுத்து மூடிவிட்டுப் போகும். கரையிலிருந்து பார்ப்பவருக்குக் குப்பைதான் தெரியும். களை எடுக்கும் வேலையைப் பொங்கலுக்கு முன் முடிக்க வேண்டும் என்று துடிப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

18 ஜனவரி 2025

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு முடிந்தது. 2015-லிருந்து ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கிறது. எந்த இடத்திலும் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். லாஸ்பேட்டை வாசகரும் மகளும் வந்திருந்தார்கள். அவள் எண்ணியது எனக்கும் அவள் தகப்பனாருக்கும் மேல். நீலச்சிறகி வாத்து ஒரு சிறு கூட்டம், பொரி உள்ளான், மின்கம்பியில் தகைவிலான்கள், மூன்று வகை மீன்கொத்தி. கூழைக்கடா ஒன்று மேலே வட்டமிட்டுவிட்டு இறங்காமல் மேற்கே போனது. இந்தக் குளம் அதற்குப் போதாது, ஊசுட்டேரிக்குப் போயிருக்கும். பெரிய ஏரிகளின் கணக்கை எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். தெருக்குளங்களின் கணக்கு எடுப்பார் இல்லாமல் கிடக்கிறது என்பதால்தான் இதை நீட்டி எழுதுகிறேன்.

26 ஜனவரி

கருவி கேட்டவருக்கு. ஆறடி மூங்கில் போதும், ரீல் வேண்டாம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய தூண்டில்கள் கிடைக்கும், ஆனால் நரம்பைப் புதிதாக வாங்குங்கள். வெயிலில் கிடந்த நரம்பு அறுந்து குளத்தில்தான் சேரும். முள் சிறியதாக இருக்கட்டும், அதன் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீன் எளிதில் கழன்றுவிடும், மகளின் விரலில் ஏறினாலும் எளிதில் எடுக்கலாம். தக்கைக்கு மயிலிறகுத் தண்டு நல்லது. ஈயக் குண்டுக்குப் பதில் சிறு இரும்பு நட்டு கட்டுங்கள். உதிர்ந்த ஈயத்தை வாத்து கல் என்று நினைத்து விழுங்கினால் நஞ்சாகிவிடும். கெண்டைக்குக் கோதுமை மாவு, மற்றவற்றுக்கு மண்புழு.

பைனாகுலர் வாங்குவதானால் 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும் 42 மி.மீ. கண்ணாடி. பத்து மடங்கு வாங்கினால் சிறுகையில் நடுங்கும். கத்தரி ஒன்றும் பையில் இருக்கட்டும். டீக்கடைக்காரர் தன்னுடையதை இனித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.